நாலு கேபிள், ஒரு பூங்கோதை

என் மனைவி பூங்கோதை கரூரிலிருந்து கேபிள் வழியாக வந்துகொண்டிருக்கிறாள். பதினோரு நாளாகிறது. முழங்கால் வரை வந்துவிட்டாள்.

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள். தப்பு என்மேல்தான். திரும்பி வா என்று கெஞ்சினேன், சரி என்றாள். இப்போது எங்கள் அலுவலக சர்வருக்கு முன்னால் அவளுடைய இரண்டு கால்கள் நிற்கின்றன. காலையில் செருப்பு மாட்டிவிட்டேன். விரல்களை அசைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு சர்வரை அணைத்துவிடுவார்கள். வந்தது வந்ததுதான். வராதது கரூரிலேயே தங்கிவிடும். இன்று வெள்ளிக்கிழமை.

நெட்வொர்க் பார்க்கும் ஜெரோம் சர்வர் அலமாரிக்குள் குடியிருக்கிறான். அவனிடம் போய்ச் சொன்னேன். சர்வரின் பின்புறம் கேபிள் சொருக நாலு போர்ட் இருக்கிறது, மூன்று சும்மாதான் கிடக்கிறது என்றான். நாலையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம். ஆனால் மறுமுனையில் கேபிள்களெல்லாம் போய்ச் சேரும் சுவிட்ச் பெட்டியும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"நாம மட்டும் ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டா ஆகாது சார். அந்தப் பக்கமும் சொல்லணும்."

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அது தெரிந்த விஷயம்தான்.

சுவிட்ச், தாழ்வாரத்தின் கடைசி அறையில் இருந்தது. நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. ஒன்றரை மணி நேரம் நடந்தேன். அங்கிருந்த அம்மாள், நான் ஒரே ஆள்தான் என்று படிவத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். சாட்சி கேட்டார். என் நிழல் கையெழுத்துப் போட்டது. திரும்பும்போது தாழ்வாரம் நாலே எட்டுதான்.

ஜெரோம் நாலு கேபிளையும் சேர்த்தான். பத்தே நிமிஷத்தில் மாமியார் வந்து இறங்கினார். அடுத்து மச்சான். அடுத்து, சமாதானம் பேசுவதற்காக அவர்களுடைய பெரியப்பா. எல்லோரும் முழுசாக, பைகளோடு வந்தார்கள். காபி கேட்டார்கள். பூங்கோதை மட்டும் இன்னும் முழங்கால் வரைதான் வந்திருந்தாள்.

"ஒரு ஆளு ஒரு கேபிள்லதான் சார் வருவாங்க," என்றான் ஜெரோம். "நாலு கேபிள்னா நாலு ஆளு வரலாம். ஒரு ஆளு நாலு மடங்கு வேகமா வர முடியாது."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். மணி நாலு நாற்பது. வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். அவளைத் துண்டு துண்டாக நாலிலும் மாற்றி மாற்றி அனுப்பலாம், வேகமாக வருவாள், ஆனால் வரிசை மாறும் என்றான். மாமியார் சம்மதித்தார். அவருடைய காபி ஆறிக்கொண்டிருந்தது.

பூங்கோதை வந்தாள். இடது முழங்கை. கூந்தலில் பாதி. போன மாதத்துத் தும்மல் ஒன்று. அதற்கடுத்து, என்னைவிட்டுக் கிளம்பிய அன்றைய கோபம் வந்து சேர்ந்தது. மன்னிப்பு இன்னும் வழியில் இருந்தது.

கோபம் நேராகக் கால்களுக்குப் போனது. அவை திரும்பி, தாழ்வாரத்தில் இறங்கி நடந்தன.

நான் பின்னால் ஓடினேன். தாழ்வாரம் நீண்டது. எனக்குப் பயமாக இருந்தது. கால்கள் இல்லாமல் அவள் என்ன செய்வாள்?

அப்போது எனக்குப் பின்னால், சர்வர் அறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"வந்துட்டேனுங்க. கோவமெல்லாம் போயிருச்சு. எங்கிருக்கீங்க?"

மாமியார் பதில் சொன்னார்.

"மாப்பிள்ளை உன்னைய உட்டுட்டு ஓடிட்டாரு, கண்ணு."

அதைக் கேட்டதும் கால்கள் என்னைவிட்டு முன்னால் ஓடத் தொடங்கின. மணி ஐந்து அடித்தது.