காய்ச்சல் இல்லை

நர்சிங் பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஜன்னல்களை எல்லாம் பெட்ஷீட்டால் மறைத்திருந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கால் பெரிதாகத் தெரிந்தது. பால் நிறத்துக் காலில் குங்குமம் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். காமேஸ்வரி டீச்சர் திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்த வீடியோ அது. 2009-ஆம் வருஷத்தில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

“உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்ல புள்ளி எங்கெல்லாம் வரும்?” என்று டீச்சர் கேட்டார்.

“உள்ளங்கை, உள்ளங்கால்லயும் வரும் மேடம். சிவப்பா இருக்கும்” என்று முதல் ஆளாகச் சொன்னாள் பிரேமா. பரீட்சையிலும் அதையே எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலமும் ஆடுகளும் வைத்திருக்கும் வீட்டுப் பெண். ஒரு வீடியோவை ஒரு தடவை பார்த்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டுதான் ஒப்பித்தாள் என்பது ஆடி மாதத்தில் தெரிந்தது.

ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளியில் நான்கு நாள் விடுமுறை விட்டார்கள். எதிரே வந்த காவடிக் கூட்டத்துக்கு வழிவிட்டு வழிவிட்டு நகர்ந்த டவுன் பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தவள், வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

“நைனாவுக்கு ஆத்தா வந்திருக்கா. அஞ்சு நாளாவுது. செருப்ப அங்கியே வுட்டுட்டு, கால் கழுவிகினு உள்ள வா” என்றாள் அவள் அம்மா தாயாரம்மாள்.

உள்ளே அவள் அப்பா பங்காரு பாயில் சுருண்டு கிடந்தார். ஆட்டை அதட்டினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் மனிதர், “வந்தியாம்மா” என்று கேட்பதற்கே மூச்சு வாங்கினார். அவருக்கு அவள் ஒரே பெண். பொண்ணை நர்ஸ் வேலைக்கா படிக்க வைக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது, “எம்பொண்ணு நாலு பேர பொழைக்க வெப்பா, நீங்க பார்த்துகினே இருங்க” என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தவர் அவர்.

ஆத்தா இருக்கிற உடம்பு, கிட்டே போகாதே என்று அம்மா சொல்லிவிட்டதால் பிரேமா நிலைப்படியை விட்டு நகரவில்லை. தகப்பனின் நெஞ்சிலும் கையிலும் புள்ளிகள் தெரிந்தன. வெயிலில் கறுத்த தோலில் அவை சிவப்பாக இல்லை, தோலைவிட இன்னும் கொஞ்சம் கறுப்பாக இருந்தன, அவ்வளவுதான். அவள் மனசில் பதிந்திருந்ததோ பால் நிறத்துக் கால். இரண்டும் ஒட்டவே இல்லை.

“கொப்புளத்தையே காணோமேம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

“தட்டம்மைக்கு ஏதுடி கொப்புளம்?”

சரிதானே என்று தோன்றியது. தட்டம்மைதான் என்று நர்ஸுக்குப் படிக்கும் மகளும் முடிவு கட்டிவிட்டாள்.

அன்று மத்தியானம் ஜம்புலிங்கம் வந்தார். உண்ணிகளைப் பிடித்து, அவற்றில் நோய்க் கிருமி இருக்கிறதா என்று ஆய்வுக்கு அனுப்பும் குழுவைச் சேர்ந்தவர். ஒரு வாரமாக ஊரில் அவரைப் பற்றித்தான் சிரிப்பு. வெள்ளைத் துணி ஒன்றைப் புல்லில் இழுத்துக்கொண்டே நடப்பார். துணியில் ஒட்டும் உண்ணிகளை இடுக்கியால் எடுத்துச் சின்னக் குப்பியில் போடுவார். ஆட்டின் காதைத் தடவிப் பார்த்து அங்கிருந்தும் பிடுங்குவார். “பாவம், வேட்டி காயப்போட கொடியில்லாம தரையில இஸ்துகினு போறான்” என்று முதலில் கேலி செய்ததே பங்காருதான்.

வேப்பிலையைப் பார்த்ததும் ஜம்புலிங்கம் மரியாதையாகத் தெருவிலேயே நின்றுகொண்டார். “வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல் இருக்குதுங்களாம்மா?”

“காய்ச்சல்லாம் யாருக்கும் இல்லப்பா” என்றாள் தாயாரம்மாள்.

அவள் பொய் சொல்லவில்லை. ஆத்தா வந்து உடம்பு கொதிப்பதைக் காய்ச்சல் என்று அந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் ஆத்தாவுக்குக் கோபம் வரும். ஜம்புலிங்கம் கையிலிருந்த தாளில் ‘காய்ச்சல் இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கதவுக்குப் பின்னால் நின்ற பிரேமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் பங்காருவுக்குப் பேச்சு குழறியது. கொல்லைப்பக்கம் போகிறேன் என்று எழுந்தவர் முற்றத்து ஈரத்தில் இரண்டடி வைத்துச் சரிந்தார். பிரேமாவுக்கு ஆத்தாவும் மறந்துபோனாள், தட்டம்மையும் மறந்துபோயிற்று. ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். உடம்பு நெருப்பாகச் சுட்டது. பாயில் உட்கார வைத்து, சேறு அப்பிய காலை ஈரத் துணியால் துடைக்கப் போனாள்.

“வேணாம்மா… வெடிச்ச காலு. அத ஏன் தொடற?” என்று அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இழுக்கத் தெம்பில்லை.

பாதத்தைத் திருப்பியவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. வெடிப்புகளுக்கு நடுவே, உள்ளங்கால் முழுக்க மங்கிய பழுப்பில் புள்ளிகள். அவர் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையிலும் அதே புள்ளிகள். எத்தனை தடவை ஒப்பித்த பாடம்! அது ஒரு நாள் முழுக்கக் கண்ணெதிரே படுத்துக் கிடந்திருக்கிறது.

செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினாள். ஊர்க்கோடி ஆட்டுப்பட்டியில் இருந்த ஜம்புலிங்கத்தைப் பிடித்து, “சார், எங்க வீட்ல காய்ச்சல் இருக்குது சார். நேத்து இல்லன்னு சொன்னோம். எங்க நைனாவ கொஞ்சம் வந்து பாருங்க சார்” என்று கும்பிட்டாள்.

வாசலில் தாயாரம்மாள் குறுக்கே நின்றாள். “வேத்தாள் உள்ள வந்தா ஆத்தா கோச்சுக்குவாடி! தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் ஊசி மாத்திர எதுவும் ஆவாது. உங்க நைனாவ நீயே சாகடிக்கப் பார்க்கறியா?”

“உள்ளங்கால வந்து பாரும்மா. இது உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சலா இருக்கும். நான் படிச்சேம்மா. படிச்சுட்டு, பெத்த அப்பன் காலத் திருப்பிப் பார்க்கல. தப்பு என்னுதும்மா. நேத்தே பார்த்திருக்கணும்” என்று பிரேமா விம்மி அழுதாள்.

மகள் தன்னைத்தான் குற்றம் சொல்லப் போகிறாள் என்று சண்டைக்குத் தயாராக நின்ற தாய், அவள் தன்னையே நொந்துகொண்டதைக் கேட்டுத் தடுமாறிப் போனாள். விலகி வழிவிட்டாள்.

ஜம்புலிங்கம் குனிந்து பார்த்தார். “நான் டாக்டர் இல்லம்மா. ஆனா இந்த மாதிரி புள்ளிய இதுக்கு முன்னால ரெண்டு ஊர்ல பார்த்திருக்கேன். ஜீப் இருக்குது, உடனே கெளம்புங்க.”

தாயாரம்மாள் வேப்பிலைக் கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினாள். திருத்தணியில் அரோகரா சத்தத்துக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. முருகனையும் ஆத்தாவையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள் அவள். பிரேமா தகப்பனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உள்ளங்காலைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், முடிவு வரட்டும் என்று காத்திராமல் மாத்திரையை ஆரம்பித்தார். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்” என்றார். வேப்பிலையை முந்தானைக்குள் மறைத்த தாயாரம்மாளைப் பார்த்து, “அது தலைமாட்ல இருக்கட்டும்மா. மாத்திரை வயித்துக்குள்ள போகட்டும். ரெண்டுக்கும் சண்டை இல்ல” என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பங்காரு ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று சாயங்காலம் காமேஸ்வரி டீச்சர் சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார். பிரேமா எதையும் மறைக்காமல் சொன்னாள்.

“தப்பு உன்னுது மட்டும் இல்ல பிரேமா. நான் உங்களுக்குக் காட்டினது ஒரே ஒரு கால். அதுவும் நம்ம ஊர்க் கால் இல்ல” என்றார் டீச்சர். கைப்பையில் கேமரா இருந்தது. காலை வீடியோ எடுக்கட்டுமா என்று நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது அவருக்கு.

பிரேமா விஷயத்தைச் சொன்னதும் பங்காரு போர்வையை விலக்கித் தாமாகவே காலை நீட்டினார். “எடுத்துக்கோங்க டீச்சரம்மா. கறுப்புக் காலு, வெடிச்ச காலு, நல்லா தெரியறாப்ல எடுங்க. நாளைக்கு இத வேற ஒரு பொண்ணு பார்த்தா, அவ நைனாவும் பொழச்சுக்குவான் இல்ல?”

தாயாரம்மாள் அவசரமாக முந்தானையால் அந்தப் பாதங்களைத் துடைத்துவிட்டாள். ஊரெல்லாம் பார்க்கப் போகிற கால் அல்லவா!

“நீயே பேசு” என்றார் டீச்சர். பிரேமாவுக்கு மனப்பாடம் செய்த வரி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தகப்பனின் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.

“இது எங்க நைனாவோட காலு. எங்கம்மா இதுக்கு ஆத்தான்னு பேர் வெச்சாங்க. நான் தட்டம்மைன்னு பேர் வெச்சேன். பேர் வெச்சதும் ரெண்டு பேருமே இவர பார்க்கறத நிறுத்திட்டோம். சாமிய கும்பிடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா உடம்பு சுட்டா அத காய்ச்சல்னு வாய்விட்டுச் சொல்லி டாக்டர்கிட்ட காட்டுங்க. நர்ஸுக்குப் படிக்கறவங்க இந்த வீடியோவ பார்த்து முடிச்சதும் எழுந்து போங்க. போயி, நோயாளியத் தொட்டுப் பாருங்க.”