பழைய அளவு

நர்ஸ் பொத்தானை அமுக்கினாள். 'பழைய அளவு மீட்கப்பட்டது' என்று மருந்து இயந்திரத்தின் திரையில் பச்சை எழுத்து வந்தது. மேலே மருந்தின் அளவைக் காட்டும் எண் மட்டும் அசையவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த தங்கைக்காரி கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தாள்.

அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, வலி மருந்து இந்த இயந்திரம் வழியாகத்தான் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் இறங்குகிறது. கட்டு மாற்றும்போது வலி தாங்காதென்று நர்ஸ் அளவைக் கூட்டுவாள். மாற்றி முடித்ததும் ஒரே அமுக்கில் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுவாள். கூட்டிய அளவிலேயே நெடுநேரம் இறங்கினால் மூச்சு நின்றுபோகும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஓடும் புரோகிராமை எழுதியவள் தங்கைக்காரி. அக்காவுக்குப் பெருமை சொல்லி மாளாது. "இது எங்க குட்டி செஞ்ச மெஷினாக்கும்" என்று தரை துடைக்க வந்தவளைக்கூட விட்டுவைக்கவில்லை. இப்போது மருந்து மயக்கத்தில் வாய் லேசாகத் திறந்து கிடந்தாள்.

குட்டிக்குத் தான் எழுதிய அந்த வரி கண்முன் வந்து நின்றது. 'சி' என்கிற கணினி மொழியில் ஒற்றை வரி. அளவைக் கூட்டுவதற்கு முன்னால் பழைய அளவை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். மகராசி, பிரதி எடுக்காமல் பாயிண்டரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அதாவது, சரக்கை விட்டுவிட்டு விலாசத்தை மட்டும். ஒரே வீட்டு வாசலில் 'பழையது', 'புதியது' என்று இரண்டு பலகை மாட்டின கதைதான். உள்ளே இருப்பது என்னவோ ஒரே ஆள். அளவைக் கூட்டிய நொடியே பழையதும் சேர்ந்து கூடிப் போயிருக்கும். சோதிக்காமலா அனுப்பினார்கள்? பொத்தானை அமுக்கிய பிறகு 'பழைய' அளவும் ஓடும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று சோதித்தார்கள். இருக்காமல் எங்கே போகும்!

"சிஸ்டர், நம்பரப் பாருங்க. கொறையவே இல்ல."

"பழைய அளவு வந்துடுச்சுன்னு போட்டிருக்கே மேடம்?"

"அது பொய் சொல்லுது. நீங்களே கையால கொறச்சிடுங்க. ப்ளீஸ், இப்பவே."

நர்ஸ் டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துக் குறைத்தாள். அக்காவின் நெஞ்சு ஏறியது, இறங்கியது, அடுத்து ஏறுவதற்குள் தங்கைக்காரிக்கு உயிர் போய் உயிர் வந்தது. இதோடு வாயை மூடிக்கொள், அக்கா பிழைத்தாள், அது போதும் என்று உள்ளே ஒன்று சொன்னது. வேலை போகும், போலீஸ் வரும், தலைப்புச் செய்தியாகக்கூட வரும். ஆனால் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் அதே இயந்திரம் நின்றது.

"இது ஒண்ணு மட்டும் இல்ல சிஸ்டர். எல்லா மெஷின்லயும் இப்படித்தான் இருக்கும். அத எழுதினது நான்தான்."

திட்டுவாள் என்று நினைத்தாள். நர்ஸ் திட்டவில்லை. கையிலிருந்த கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள்.

"நேத்து சாயங்காலம் எதிர்க் கட்டில் அம்மாவுக்கும் நான்தான் கட்டு மாத்தினேன்" என்றாள். "அமுக்கினேன். பச்சை எழுத்து வந்துச்சு. நல்லாத் தூங்குறாங்க, எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன். விடியறதுக்குள்ள…"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க் கட்டிலில் ஆயா ஒருத்தி துவைத்த விரிப்பை உதறிப் போட்டு, சுருக்கம் போக இரண்டு கையாலும் நீவிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் இயந்திரம் அணைந்திருந்தது. அதன் குழாயை யாரோ சுருட்டி மேலே மாட்டியிருந்தார்கள்.