அழுத்தியவுடன் மாறும் படம்

மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை. வானம் மூடியிருந்தது, மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஒரே புழுக்கம்... அந்தப் பச்சைக்குறியை நான் அத்தனை அழகாக வரைந்திருக்க வேண்டியதில்லை, அழகு சற்றுக் குறைந்திருந்தால் யாரும் அதை இவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள் அல்லவா? எல்லாக் கணினியிலும் கிடைக்கும் சாம்பல் நிறப் பொத்தான் போதாதென்று, நாற்பத்தெட்டாம் வயதில் புத்தகத்தை வைத்து நிரல் எழுதக் கற்ற நான், இந்தக் கண் மருத்துவமனையின் பதிவேட்டு எழுத்தனாகிய நான், பதிவுத் திரைக்கென்று என் கையாலேயே பொத்தான்கள் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்கள், சும்மா இருக்கையில் ஒன்று, அமுங்குகையில் ஒன்று, பெயர் சேமிக்கப்பட்டபின் பச்சைக்குறியோடு ஒன்று. நிழலை ஒரு புள்ளி நகர்த்தினால் பொத்தான் உள்ளே போவதுபோலவே தோன்றும் என்று கண்டுகொண்ட அன்று மனைவியை அழைத்துக் காட்டினேன். "பேரன் எடுக்குற வயசுல பொம்மை வரையிறீங்களா?" என்றாள், என்றாலும் நான்கு முறை அமுக்கிப் பார்த்தாள். அலுவலகத்தில் அதன்பின் நான் எழுத்தர் அல்லேன், படக்காரர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது, இல்லையென்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகும், இன்றைக்குச் சொன்ன பொய்கள் போதும்.

காலையில் மூன்று பேர் அறுவைச் சிகிச்சைக்கென்று வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள், மூவர் பெயரும் பட்டியலில் இல்லை, ஒரு மாதம் கழித்துத்தான் இனி இடம். மேலாளர் அம்மா பதிவு மேசைப் பெண்ணை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினார். "பேரைப் பதிஞ்சியா இல்லியாம்மா?" "பதிஞ்சேன் மேடம், பொத்தான் உள்ள போச்சு, பச்சைகூட வந்துச்சு." "பச்சை வந்துச்சுன்னா பேரு எங்க? காக்கா தூக்கிட்டுப் போச்சா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்... ஏன் சிரித்தேன்? பிறகு அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "படக்காரரே, உங்க பொத்தான்ல எதாவது கோளாறு இருக்குமா?" என்றார். "வாய்ப்பில்லை மேடம்" என்றேன். எனக்குத் தெரியாதா? தெரியும். வெள்ளோட்டத்தன்று பொத்தானை அமுக்கியதும், பெயர் போய்ச் சேர்ந்ததென்ற பதில் வரும்வரை படம் ஒரு நொடி காத்து நின்றது, முறைப்படி அது காத்துத்தான் நிற்க வேண்டும், ஆனால் இதே மேலாளர், "என்ன, அமுக்குனா கொட்டாவி விடுது?" என்று கேட்டார், ஒருவர் களுக்கென்று சிரித்தார், அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. அன்று மாலையே நிரலில் பச்சையை வரையும் வரியைத் தூக்கி, பெயரைச் சேமிக்கும் வரிக்கு மேலே வைத்தேன். 'விளைவை அறிந்த பின்னரே படத்தை மாற்றுக' என்று புத்தகம் தடித்த எழுத்தில் சொல்லியிருந்தது, அதன் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடிட்டவனும் நானே. மறுநாள் எல்லாரும், "சும்மா பறக்குதே!" என்றார்கள். ஆம், பறந்தது, இணைப்பு அறுந்து பெயர் போகாவிட்டாலும் பச்சை மட்டும் பளிச்சென்று வந்து நின்றது.

மதியம் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் இணைப்பின் பதிவுகளைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதிலிருந்து ஆறு நிமிடம் இணைப்பு இல்லை, அந்த ஆறு நிமிடத்துக்குள்தான் அந்த மூன்று பெயர்களும். இரண்டு வரிகளையும் பழையபடி மாற்றி வைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, அதை நினைத்ததும் நெஞ்சு லேசாயிற்று, லேசானதை எண்ணி உடனே முகம் சுட்டது... எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா? எந்தச் சொல்லில் தொடங்குவது? அப்போதுதான் பதிவு மேசைப் பெண் வெள்ளைத்தாளோடு வந்தாள். "அண்ணா, நாலு மணிக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டா விட்டுருவாங்களாம், இல்லைன்னு நின்னா நாளையிலேர்ந்து வர வேணாமாம். நீங்கதான் நல்லா எழுதுவீங்க." ஒத்துக்கொண்டால் வேலை தங்கும், அப்படியானால் நான் வாயைத் திறக்காதிருப்பது அவளுக்கும் நன்மைதானே, தானே, தானே என்று மனம் மூன்று முறை சொன்னதும் பேனாவை எடுத்துவிட்டேன். 'பணிமிகுதியால் கவனம் சிதறி, சேமிக்கும் பொத்தானை அழுத்தத் தவறினேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. ஒரு கணம், வெட்கக்கேடு, மகிழ்ந்தேன்.

அவள் நின்றபடியே படித்தாள், பேனாவை வாங்கினாள், கையெழுத்திடாமல் நின்றாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணா, இதைப் படிச்சா நான் அமுக்கவே இல்லைன்னுதான் எனக்கே தோணுது. பச்சை வந்த மாதிரி இருந்துச்சே... அது வேற நாளோ என்னவோ. பேசாம நானும் இங்கேயே ஒரு சீட்டுப் போட்டு என் கண்ணைக் காட்டிக்கணும்போல!" என்று சிரித்தாள், உண்மையாகவே சிரித்தாள், அதில் துளிக் கோபமும் இல்லை. நான் அவளிடம் கேட்டது ஒரு கையெழுத்து மட்டும் என்றல்லவா இதுவரை எண்ணியிருந்தேன்... தாளின் அடியைச் சுட்டி, "இங்கே போடும்மா" என்றது என் வாய். அவள் போட்டு முடித்தபோது மணி மூன்று நாற்பத்தேழு.