ஒரே தீவு

கோடையில் சேவூரில் மூன்றரை மணி என்றால் அந்தத் தீவில் பகல் ஒரு மணி. ஜெபராணி தறியில் ஓடும் நாடாவுக்காகத் தார்க்குச்சியில் பட்டு இழை சுற்றும் மிஷினை நிறுத்திவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொள்வாள்.

முதலில் இவாஞ்சலின் கூப்பிடுவாள். ஜெபராணியின் தம்பி மனைவி. தீவின் தெற்கில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிழவி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் அது. அவள் வைத்ததும் கிறிஸ்டோபர் கூப்பிடுவான். ஜெபராணியின் தம்பி. தீவின் வடக்கில் கட்டட வேலை. சாப்பாட்டுக்கு அரை மணி விடுவார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் இருந்தது ஒரே ஊரில்தான். நிக்கோசியா. ஊருக்கு நடுவில் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். ஆரணி கோட்டையிலிருந்து சேவூர் வருகிற தூரம்கூட இருக்காது. ஆனால் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதையெல்லாம் ஜெபராணியிடம் சொன்னார்கள்.

மிஷின் சத்தம் நின்றதும் தறிக் கொட்டகையின் சொந்தக்காரர் ஜெகநாதன் உள்ளே இருந்து குரல் கொடுப்பார்.

"இன்னா ஜெபராணி, ஐ.நா. சபை கூடிடுச்சா?"

"கூடிடுச்சுண்ணா. நீங்க தறிய நிறுத்தினா தீர்மானம் காதுல விழும்."

அவர் நிறுத்த மாட்டார். தறிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவள் பேசுவாள்.

இவாஞ்சலின் முதலில் போனவள். சர்ச்சில் பழக்கமான ஒரு அம்மா மூலம் முறையான விசாவில் போனாள். அடுத்த வருடம் கிறிஸ்டோபரும் போக ஆசைப்பட்டான். கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள் இவாஞ்சலின். அவனும் பொறுத்திருப்பான். ஜெபராணிதான் பொறுக்கவில்லை. கல்யாணம் ஆன இரண்டு பேர் தனித்தனியாகக் கிடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை மாடியில் ஆபீஸ் போட்டு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அருள்மணியைத் தேடிப் போனாள்.

"அவங்க எங்க கீறாங்க?" என்று கேட்டான் அருள்மணி.

"சைப்ரஸ்ங்க."

"நானும் சைப்ரஸுக்குத்தான் அனுப்பறேன். காலேஜ் விசா. பேருக்குப் படிப்பு, மத்த நேரம் வேலை."

"அவ இருக்கற எடந்தானுங்களே?"

அருள்மணி சிரித்தான். "தீவுன்னா இன்னாங்க? சுத்திலும் தண்ணி. உள்ள எவ்ளோ தூரம் போயிடப் போறாரு? ஒரே தீவு."

அவன் தலைக்கு மேல் உலகப் படம் மாட்டியிருந்தது. அதில் அந்தத் தீவு ஒரு பட்டாணி அளவு இருந்தது.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னாள். இவாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றான் அவன்.

"கேட்டா பொறுன்னுதான் சொல்லுவா. நீ போயி முன்னாடி நில்லு. சந்தோஷப்படுவா."

அவன் போய் இறங்கி மனைவிக்குப் போன் செய்தான். வந்துவிட்டேன், எந்த பஸ் ஏறணும் என்றான். எந்த ஏர்போர்ட் என்று கேட்டாள். பெயரைப் படித்துச் சொன்னான். மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, "அந்த ஏர்போர்ட் எங்க பக்கத்துக் கணக்குலயே இல்ல" என்றாள்.

அதன் பிறகுதான் ஜெபராணி ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அங்கே சண்டை. துருக்கிப் பட்டாளம் வந்து வடக்கைப் பிடித்தது. கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள், துருக்கியர்கள் வடக்கே போனார்கள். நடுவில் முள்கம்பி, மணல்மூட்டை, தார் டிரம். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே யாருக்கும் இல்லாத நிலம். அதில் ஐ.நா. சிப்பாய்கள் மட்டும் ஜீப்பில் போய்வருவார்கள். வடக்கில் ஒரு அரசாங்கம் இருக்கிறது. துருக்கியைத் தவிர யாரும் அதை அரசாங்கம் என்று சொல்வதில்லை. அதன் வாசல் வழியாக வந்தவன் தெற்குக்காரர்களுக்குத் திருட்டுத்தனமாக நுழைந்தவன். கோட்டைத் தாண்டுவதற்கு இருக்கும் கேட் வழியாகக் கிறிஸ்டோபரை விட மாட்டார்கள்.

இவாஞ்சலின் அந்தப் பக்கம் போய் வரலாம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பாஸ்போர்ட் கிழவியின் மகனிடம் இருந்தது. அவன் கொடுத்தாலும் கிழவி விடமாட்டாள். அவள் பிறந்த வீடு வடக்கே இருந்தது.

"நம்ம வீட்டுக்குப் போறதுக்கு நாம எவன்கிட்ட பாஸ்போர்ட் காட்டறதுன்னு கேப்பாங்க அண்ணி. இந்த வீட்லருந்து ஒருத்தரும் அந்த கேட்ல போயி நிக்கக் கூடாதுன்னுவாங்க. அப்புறம் ரொம்ப நேரம் அழுவாங்க."

வடக்கே ஒரு மலை. அதன் சரிவில் வடக்குக்காரர்கள் தங்கள் கொடியைப் பெரிதாக வரைந்திருந்தார்கள், தெற்கே இருப்பவர்கள் தினம் பார்க்கட்டும் என்று. ராத்திரியில் அதற்கு விளக்குப் போடுவார்கள். கிழவி வீட்டில் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு எப்போதும் திரை. அதை விலக்கியதற்கு இவாஞ்சலின் முதல் வாரமே திட்டு வாங்கினாள்.

"மொட்ட மாடியில அந்த மலையப் பாத்துகினே படுப்பேன் க்கா" என்று கிறிஸ்டோபர் ஒருமுறை சொன்னான். "அவளும் இத்தத்தான் பாத்துகினு இருப்பான்னு நெனப்பேன்."

ஜெபராணி திரையைப் பற்றிச் சொல்லவில்லை.

இவாஞ்சலின் பேசும்போது பின்னால் வடக்கு மசூதியின் பாங்கு கேட்கும். கிறிஸ்டோபர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜிலும் அதே நேரத்துக்கு அதே பாங்கு. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தெற்குப் பக்கத்துச் சர்ச் மணி கேட்டது. இரண்டு பேரும் ஒரே வெயிலைத் திட்டினார்கள். ஒரே ரொட்டியையும் ஒரே வெள்ளைப் பாலாடைக் கட்டியையும் தின்று சலித்துப்போனதாகச் சொன்னார்கள்.

"காபி கூட ஒண்ணுதான் க்கா. சின்ன கப்புல சேறு மாதிரி. இங்க துருக்கிக் காபின்னு கேக்கணும். அங்க போயி அப்டிக் கேட்டா அடிப்பானுங்களாம்."

"அங்க இன்னான்னு கேக்கணும்?"

"கிரேக்கக் காபி."

இதை ஜெகநாதனிடம் சொன்னபோது அவர் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நல்ல வேள, நம்ம ஊர்ல டீ."

பேச்சு நின்றது முதல் மாதத்திலேயே. வீடியோ காலில் இவாஞ்சலினுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. கிழவியின் மகன். கிறிஸ்டோபர் ஒரு வார்த்தை சொன்னான். அவள் போனை வைத்தாள், எண்ணைத் தடுத்தாள். என்ன வார்த்தை என்று இரண்டு பேரும் ஜெபராணியிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள்தான் நடுவில். எதையும் வாங்கியபடி கொடுக்கமாட்டாள்.

"எப்டியோ இருக்கட்டும் அண்ணி, எனக்கு இன்னா" என்பாள் இவாஞ்சலின். "நீ நல்லா இருக்கணும்னு சொன்னா" என்று ஜெபராணி தம்பியிடம் சொல்வாள். "அவளுக்கு அவ்ளோ திமிரு" என்பான் அவன். "உன்ன நெனச்சிகினே கீறான்" என்று இவாஞ்சலினிடம் சொல்வாள். இப்படி இரண்டு வருடம். அறுந்த இழையை முடிச்சுப்போட்டு ஓட்டுவது அவளுக்குத் தினப்படி வேலை. முடிச்சு நாடாவுக்குள் போய்விட்டால் அவள் பொறுப்பு முடிந்தது. துணியில் தட்டுகிறதா என்று நெய்கிறவர் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை கிறிஸ்டோபரின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"காலேஜ்ல பேர எடுத்துட்டாங்க க்கா. விசா போச்சு. போலீஸ் சைட்டுக்கே வந்து புடிக்கிறான். கூட இருந்த பஞ்சாபிப் பையன் ரெண்டு பேரு உள்ள கீறாங்க."

"ஊருக்கு வந்துடு."

"எப்டி வர்றது? ஏர்போர்ட்ல நின்னாவே புடிச்சுடுவான்." கொஞ்சம் நிறுத்தினான். "ஊருக்கு வெளிய கொல்லி, வயக்காடு வழியா அந்தப் பக்கம் தாண்டுறாங்க. கூட்டினு போக ஆளு கீறான். தெற்க போயி ஆபீஸ்ல அடைக்கலம்னு பேரு குடுத்துட்டா தங்கறதுக்கு விடுவாங்களாம். ஆனா எல்லாரையும் உள்ள விடறதில்ல. பாதியிலயே திருப்பறாங்க."

"அப்ப எதுக்குடா?"

"அவ வந்து நின்னா போதும் க்கா. இவரு என் வீட்டுக்காரருன்னு அவ சொன்னா கேப்பாங்க. அவகிட்ட அங்க தங்கறதுக்குக் கார்டு கீது. வேற ஒண்ணும் வேணாம். அந்த ஓரத்துல வந்து நின்னு என் பேரச் சொல்லணும், அவ்ளோதான். கேளு. சரின்னாதான் கெளம்புவேன். இல்லன்னா மாட்டேன்."

புதன்கிழமை இவாஞ்சலினிடம் சொன்னாள். முதல்முறையாக எதையும் மாற்றாமல் சொன்னாள். மறுமுனையில் தட்டுக் கழுவும் சத்தம் நின்றது.

"வேணாம் அண்ணி."

"போலீஸ் புடிக்கிறானாம் இவா."

"இங்கயும் புடிப்பான். அவரு வந்தா மொதல்ல என்னத்தான் கேப்பான். இந்த வீட்ல ஒரு நிமிஷம் வெச்சிக்க மாட்டாங்க. அந்த ஏர்போர்ட்ல எறங்கின ஆளு என் வீட்டுக்காரருன்னு இவங்களுக்கு இன்னும் தெரியாது."

"உன் புருஷன் இல்லியா?"

இவாஞ்சலின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. "இங்க நான் ராத்திரில தூங்கறேன் அண்ணி. கல்யாணம் ஆனதுலருந்து அப்டித் தூங்கினதே இல்ல. அவரு வர வேணாம். நான் போயி நிக்கமாட்டேன். இதே வார்த்தையச் சொல்லுங்க. நீங்க எதையும் சேக்காதீங்க, எதையும் எடுக்காதீங்க."

"சரிம்மா."

"சொல்லுவீங்க இல்ல?"

"சொல்றேன்."

ஐந்து நிமிடத்தில் தம்பி கூப்பிட்டான். அவள் மிஷினைப் போட்டுவிட்டுத்தான் எடுத்தாள். தார் சுழன்றது. அரக்கு நிறப் பட்டு.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னா?"

இழை அறுந்தது. மிஷினை நிறுத்தி முடிச்சுப்போட்டாள். "யோசிக்கணும்னு சொல்றா."

"வேணாம்னு சொல்லலியே?"

"அவளுக்கும் அங்க ஆயிரம் பேஜாரு."

"அது தெரியும் க்கா. வேணாம்னு சொல்லல இல்ல?"

"ம்."

"அப்ப வருவா."

அவள் வாயைத் திறந்தாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் நிதானமாக உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அன்று அவன் அழுதாலும் கேட்க நேரம் இருக்கும்.

"ம்" என்றாள்.

அவன் சிரித்தது கேட்டது. கல்யாணத்துக்கு முன்பு அப்படிச் சிரிப்பான்.

வியாழக்கிழமை அவன் கூப்பிடவில்லை. வேலை அதிகம் இருக்கும் என்று ஜெபராணி நினைத்தாள். வெள்ளிக்கிழமையும் கூப்பிடவில்லை. அவள் போட்டபோது போன் அணைந்திருந்தது. இவாஞ்சலின் வழக்கம்போலப் பேசினாள். சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்றாள் ஜெபராணி.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"இவ்ளோ நாள்ல மொதத் தடவையா எம் பேச்ச அப்டியே கேட்டுகினாரு" என்றாள் இவாஞ்சலின். அவள் குரலில் லேசான வருத்தம் இருந்ததுபோல் ஜெபராணிக்குப் பட்டது. அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மூன்றரைக்கு முதலில் வந்தது கிறிஸ்டோபரின் அழைப்பு.

"எங்கடா கீற?"

"நடுவுல."

"எந்த நடுவுல?"

"நடுவுலதான் க்கா. வடக்கக் கம்பியத் தாண்டிட்டோம். தெற்க போலீஸ் விடல. திரும்பிப் போன்னு சொல்றான். திரும்பினா அந்தப் பக்கம் பட்டாளம் துப்பாக்கியோட நிக்குது. ஐ.நா. ஆளுங்க ஒரு கூடாரம் குடுத்து தண்ணி குடுத்தாங்க. பதினோரு பேர் கீறோம். ஆப்பிரிக்கப் பொம்பள ஒண்ணு, வயித்துப் புள்ளக்காரி." அவனுக்கு மூச்சு வாங்கியது. "காஞ்ச புல்லுதான் க்கா எங்க பாத்தாலும். அம்பது வருஷமா ஒருத்தனும் உழலியாம். கூட வந்த ஒரு பையன் பவர் பேங்க்ல கொஞ்சம்தான் சார்ஜ் போட்டேன். இவாகிட்ட ஜல்தியாச் சொல்லு. ஊருக்கு வெளிய ஒரு கேட் கீது, அதுக்கு வலப்பக்கம், யூகலிப்டஸ் மரம் ரெண்டு நிக்குது. அங்க வந்து போலீஸ்காரன்கிட்ட என் பேரச் சொல்லச் சொல்லு."

"இரு. கூப்பிடறேன்."

கட் செய்துவிட்டு இவாஞ்சலினுக்குப் போட்டாள். உடனே எடுத்தாள். ஜெபராணி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பின்னால் பாங்கு கேட்டது.

"சரின்னாதான் கெளம்புவேன்னு சொன்னாருன்னீங்களே அண்ணி."

"ஆமா."

"நான் வேணாம்னு சொன்னேன்."

"ஆமாம்மா."

"நீங்க அவருகிட்ட இன்னா சொன்னீங்க?"

ஜெபராணி மிஷின் மேல் கை வைத்திருந்தாள். இவாஞ்சலின் காத்திருந்தாள். அங்கே வயதான குரல் ஒன்று ஏதோ கேட்டது. இவாஞ்சலின் அந்தப் பாஷையில் பணிவாக ஒரு சொல் சொன்னாள். பிறகு இணைப்பைத் துண்டித்தாள். ஜெபராணி மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டபோது மணியே அடிக்கவில்லை. தடுத்துவிட்டாள் என்று புரிந்தது.

உள்ளே தறி நின்றது. ஜெகநாதன் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா ஜெபராணி, இன்னிக்கி சபை..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சேவூர் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது.

மடியில் போன் அடித்தது. தம்பி. அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அங்கே காற்று வீசிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் முனகினாள்.

"அக்கா, சார்ஜ் போவுது. நான் முன்னாடி வந்து கம்பிகிட்ட நின்னுகினு கீறேன், அவ பாத்தா தெரியற மாதிரி. கெளம்பிட்டாளா க்கா?"