முதுகைக் காட்டி உட்காரவும்

வெள்ளிக்கிழமை நாய் வண்டி வருகிறது என்று தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தடுப்பூசி போட்டு மஞ்சள் பட்டை கட்டிய நாயைத் தொட மாட்டார்கள். பட்டை இல்லாததை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பதினோரு மனு எழுதி, நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, இந்த விதியைப் போட வைத்தவளே டைம்கீப்பரின் மனைவிதான். தெருவில் அவளுக்குப் பெயரே மனு அக்கா.

ஒன்பது நாய்களில் எட்டுக்கு அவளே கூட நின்று பட்டை கட்டிவிட்டாள். ஒன்பதாவதன் முறை வருவதற்குள் வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஐந்தே மாதம். போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த ஒன்பதாவதற்கு மேனேஜர் என்று பெயர். சொன்ன நேரத்துக்கு வராது, வந்தால் எல்லோரையும் பார்த்து உறுமும் என்பதால் அவள் வைத்தது.

டைம்கீப்பர் முப்பது வருடம் பஸ் டெப்போவில் வண்டி புறப்படும் நேரத்தைக் குறித்தவர். ஒரு நிமிடம் பிசகினால் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்பார். நாய் விஷயத்தில் மட்டும் தலையிட்டதில்லை. "உன் உத்தியோகம் உனக்கு, என் உத்தியோகம் எனக்கு" என்று பேப்பரை விரித்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவள் தினமும் கேட்பாள், "மேனேஜர் சாப்பிட்டானா?" "ம், சாப்பிட்டான்" என்பார். உண்மையில் தட்டைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிடுவார். நாய் தின்றதோ, காக்கை தின்றதோ.

புதன்கிழமை கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரம்மா பையோடு வந்தாள்.

"ஊசி நான் போட்டுடுவேன் அண்ணே. ஒரு நிமிஷம் அவனை நிக்க வைக்க ஆள் வேணும்."

"நீயே பிடிச்சுக்கயேன்."

"என் பையில என்ன இருக்குன்னு எனக்கு முன்னாடியே அவனுக்குத் தெரியும். தெருவ விட்டே ஓடிடுவான்."

கம்பவுண்டரம்மா போனபிறகு டைம்கீப்பர், மனைவி நாய்களுக்குச் சோறு வைக்கப் போகும்போது போடும் நீல மழைக்கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். தோளில் இறுக்கியது. கேட்டருகே போய் நின்றார். மேனேஜர் குப்பைத்தொட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து வாலை ஆட்டியபடி பாதி தூரம் ஓடி வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தது. வால் நின்றுவிட்டது. வந்த வழியே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் கோட்டைக் கழற்றாமலே மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் போய் யாரிடம் சொல்வது?

வியாழன் காலை கம்பவுண்டரம்மா போன் செய்தாள். "அக்கா ஒவ்வொரு நாய்க்கும் அட்டை எழுதி வச்சிருப்பாங்களே, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. செருப்புப் பெட்டியில் அந்த அட்டைகள் இருப்பது அவருக்குத் தெரியும். அவள் கையெழுத்தைப் பார்க்கத்தான் தைரியமில்லை. போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கடைசி அட்டையில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதியிருக்க வேண்டும்.

'கம்பவுண்டருக்கு. மேனேஜர், வலது காது கிழிசல். நேருக்கு நேர் பார்த்தால் வராது. முதுகைக் காட்டி உட்காரவும். பேசிக்கொண்டே இருக்கவும், எதைப் பேசினாலும் சரி. பேச்சு நின்றால் போய்விடும். இதற்கு எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டாம். அவருக்கு நாய் என்றால் பயம். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.'

டைம்கீப்பர் அட்டையை இரண்டு முறை படித்தார். தினமும் 'சாப்பிட்டான்' என்று சொன்னதை அவள் எந்த முகத்தோடு கேட்டுக்கொண்டாள் என்று நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அவர் அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு பத்துக்கு, அவள் சோறு வைக்கும் நேரத்துக்கு, தட்டை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார். தாழ்ப்பாளைப் போடவில்லை. தட்டைப் பின்னால் வைத்துவிட்டு, குப்பைத்தொட்டிக்கு முதுகைக் காட்டி நடைபாதையில் உட்கார்ந்தார். கம்பவுண்டரம்மா தெருவோரம் நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்து நின்றாள்.

பேச வேண்டும். என்ன பேசுவது? அவள் போனதிலிருந்து வீட்டில் பேச்சுக்கே வேலையில்லை.

"நாலு அம்பதுக்கு ஏழாம் நம்பர்" என்று ஆரம்பித்தார். "அஞ்சு அஞ்சுக்குப் பதினெட்டு. அஞ்சு இருபதுக்கு மறுபடி ஏழு, அது எப்பவும் லேட்டு..."

முதுகு கூசியது.

"ஆறு மணிக்கு நாப்பதாம் நம்பர். நீ அதுலதான் வருவ. மனு குடுத்துட்டு, கால் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே வருவ. ஒருநாள் கூட நான் ஸ்டாப்புக்கு வந்ததில்ல. வழியில நாய் இருக்கும்னு... தெரிஞ்சா ஏன் சொல்லல?"

கழுத்தில் வெந்நீராவி போல மூச்சு பட்டது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கையை மெல்லப் பின்னால் கொண்டுபோனார். கிழிந்த காது விரலில் பட்டது. சொறிந்தார். பேச்சை நிறுத்தவில்லை.

"ஆறு பதினஞ்சுக்குப் பதினெட்டு..."

பின்னால் கம்பவுண்டரம்மாவின் காலடியும், ஊசி குத்தியதும் ஒரு முனகலும் கேட்டன. பிறகு பட்டையின் கொக்கி மாட்டும் சத்தம். மேனேஜர் ஓடாமல் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது அண்ணே, திரும்பலாம்" என்றாள் கம்பவுண்டரம்மா.

அவர் திரும்பவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இரும்மா. இன்னும் ரெண்டு வண்டி பாக்கி இருக்கு."