இருநூற்றுப் பதினான்கு தண்டுகள்

பதினொரு மணிக்குச் சாலைக்காக மலைச்சரிவை வெட்ட இயந்திரம் ஏறும். அதற்குள் முப்பது செடிகளைப் பெயர்த்துத் தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தாவர ஆய்வாளருக்கு அதுதான் அன்றைய வேலை. வேறெங்கும் இல்லாத இந்த ஊதாப்பூச் செடி இங்கே இருநூற்றுப் பதினான்கு இருக்கிறது என்று மூன்று வருடத்துக்கு முன் எண்ணிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அதை நம்பித்தான் 'உடனடி ஆபத்தில்லை' என்று அரிய செடிகளின் பட்டியலில் சேர்த்தார்கள். சாலைக்கு அனுமதியும் கொடுத்தார்கள்.

"சீக்கிரம் அண்ணி, டிரைவர் எஞ்சினப் போட்டுட்டாரு," என்றான் சாலைப் பொறியாளன். அவள் கணவனின் தம்பி; வீட்டில் பூனை, வேலையில் புலி.

முதல் செடியைச் சுற்றித் தோண்டினாள். அடியில் தனி வேர் இல்லை. விரல் பருமனில் ஒரு வேர் பக்கவாட்டில் ஓடி அடுத்த செடிக்குப் போயிற்று. அங்கிருந்து அடுத்ததற்கு. பாறையடியில் தோண்டினாள், மேல்விளிம்பில் தோண்டினாள். எல்லா இடத்திலும் அதே வேர்தான்.

அரிய செடியின் வேரைத் தொடாதே என்பது அவள் தொழிலின் முதல் பாடம். அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து, மண்ணுக்கு மேல் நீட்டிய தண்டையெல்லாம் செடி என்று எண்ணித் தொலைத்திருந்தாள். 'விதை: காணவில்லை' என்று எழுதியபோதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? மகரந்தம் தர இன்னொரு செடி இல்லாமல் எப்படிக் காய்க்கும்?

தன் ஆய்வு நிலைய இயக்குநருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு வருஷமா எல்லாருக்கும் அந்த நம்பரத்தான் குடுத்திருக்கோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்புன கதையா ஆக்காதம்மா. முப்பத எடுத்துட்டு வா."

"ஒண்ணுக்கும் சொந்த வேர் இல்ல சார். எடுத்தா முப்பதும் காஞ்சிடும்."

அவர் போனை வைத்துவிட்டார்.

"நானா நிறுத்த முடியாது அண்ணி," என்றான் கொழுந்தன். "கணக்கு தப்புன்னு கையெழுத்துப் போட்டவங்களே எழுதிக் குடுத்தா நிறுத்தலாம். ஆனா அதுக்கப்புறம் உங்க கணக்க எவன் நம்புவான்?"

அவளுக்குப் பயமாக இருந்தது. இருபது வருடம் காடு மேடெல்லாம் அலைந்து எடுத்த கணக்குகள் எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும். கீழே இயந்திரம் ஏறத் தொடங்கியது. ஓரத்துத் தண்டுகள் நான்கைந்து நசுங்கின. அவள் எழுதினாள்: 'நான் எண்ணியது தவறு. இங்கே இருப்பது ஒரே செடி.'

அவன் தாளைப் பறித்துக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டியபடி இயந்திரத்தின் முன்னால் ஓடினான். எஞ்சின் நின்றது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து வேலையை நிறுத்துவதற்கான படிவத்தை விரித்தான். "எண்ணிக்கைன்னு கேக்குது அண்ணி. என்ன போடட்டும்?"

"ஒண்ணு."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.