மூக்குப் பாரம்

“இழுக்கறதும் சுமக்கறதும் ஒன்னுங்களா அம்மணி?”

போன வாரம் ட்ரெய்லரைக் கழற்றிக்கொண்டே தம்பிதுரை சிரித்தபடி கேட்டுவிட்டுப் போன கேள்வி ஷைமாவை விடவில்லை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள், காரமடை சாலையில் அவளுடைய அத்தா அக்பர் அலி நடத்தும் எடைமேடையில் சீட்டு அடித்துக் கொடுக்கிறாள். வண்டிக்காரர்களிடம் வாய் திறக்கமாட்டாள்.

தம்பிதுரை கோயில் நோம்பி, திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டுபவர். பிக்கப்பில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் நான்கு. பின்னால் இரண்டு சக்கர ட்ரெய்லரில் ஜெனரேட்டர். இரண்டுக்கும் தனித்தனி ஆர்.சி. இருப்பதால், கொக்கியைக் கழற்றித் தனித்தனியாகவே எடை போடுவார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். இன்று பிக்கப் 2,840 கிலோ, ஆர்.சி.யில் அனுமதித்த அளவு 2,990. ட்ரெய்லரும் அதன் அளவுக்குள்தான். சாயங்காலத்துக்குள் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியாக வேண்டும்.

கழற்றி நிறுத்திய ட்ரெய்லரின் மூக்கைத் தாங்கிய முட்டுக்கால் மண்ணில் புதைந்திருப்பதை ஷைமா ஜன்னல் வழியே பார்த்தாள். கொக்கியை மாட்டியதும் இந்தப் பாரம் எங்கே போகும்?

வெளியே வந்துவிட்டாள். “அண்ணா, ட்ரெய்லர மாட்டிப்போட்டு, பிக்கப்ப மட்டும் மேடைல நிறுத்துங்க. ட்ரெய்லர் சக்கரம் வெளிய இருக்கட்டும்.”

“எம் புள்ள பேசிப்போட்டா,” என்றார் அக்பர் அலி. “இன்னைக்கு மழைதானுங்க.”

திரையில் 3,070 விழுந்தது.

“புதுசா ஒன்னும் ஏத்தலீங்களே,” என்றார் தம்பிதுரை.

“ட்ரெய்லர் மூக்கு உங்க வண்டி மேல ஒக்காந்திருக்குதுங்ண்ணா. இருநூத்தி முப்பது கிலோ. எம்பது ஜாஸ்தி.”

“ஒரு ஆளு ஏறுன மாதிரி. அதுக்குப் போயி…” சொல்லிக்கொண்டே பின்சக்கரத்தைப் பார்த்தார். போன வருடம் திம்பம் இறக்கத்தில் பிரேக் தீய்ந்து புகைந்த சக்கரம் அது. “நாலு பெட்டி இல்லீன்னா அடுத்த வருசம் நோம்பிக்குக் கூப்புடமாட்டாங்க அம்மணி.”

ஷைமா தலை குனிந்துகொண்டாள். “இழுக்கறது வேறீங்ண்ணா. இது சுமக்கறது.”

முட்டுக்கால் ஊன்றியிருந்த இடத்தில் ஒரு குழி. குத்தவைத்து விரலை விட்டுப் பார்த்தாள். நான்கு விரல் உள்ளே போனது.

நிமிர்ந்தபோது திரையில் 3,025. கயிற்றை அவிழ்த்து ஒரு பெட்டியை அவர் இறக்கியிருந்தார். இன்னொன்றும் இறங்கியது. 2,980.

எடைமேடையின் ஓரத்தில் இரண்டு பெட்டிகளையும் சாலையைப் பார்க்க நிறுத்தி, தார்ப்பாயைப் போர்த்தினார் தம்பிதுரை. சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். கொக்கியை ஒருமுறை காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.